வந்து பாருங்கள், அப்புறம் விலை பேசலாம்

பழைய சாமான் வாங்க இணையத்தில் தேடுகிற எல்லோருக்கும்,

சென்னைக்குத் தெற்கே மேடவாக்கம் பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கில் பழைய வீட்டுச் சாமான் வாங்கி விற்கிறவள் எழுதுகிறேன். வீடு காலி செய்கிறவர்களிடமிருந்து ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, கட்டில், பீரோ, சோபா என்று எடுப்போம். கழுவித் துடைத்து, பழுது நீக்கி, படம் பிடித்து, இணையத்தில் விளம்பரம் போடுவோம். விளம்பரம் ஏறிய கொஞ்ச நேரத்தில் "ப்ரோ, லாஸ்ட் ப்ரைஸ்?" என்று செய்தி வரும். அதைப் படிக்கிற ஆள் நான்தான். ப்ரோ என்று கூப்பிடுவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. கல்லூரியில் படிக்கிற என் மகனே சில நேரம் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறான். பொருளை ஒரு தடவைகூடப் பார்க்காமல் கடைசி விலை கேட்கிறீர்களே, அதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

பேரம் பேசாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பழைய சாமானுக்கு அச்சடித்த விலை ஏது? பேசிப் பேசித்தான் அதன் விலை தெரியவரும். இந்த ஊரில் அதற்கு ஒரு பரம்பரையே உண்டு. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 1900இல் திறந்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கடிகாரம் எனக் கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள். சொன்ன விலைக்கு அங்கே வாங்கி வந்தவரை யாரும் கெட்டிக்காரர் என்றதில்லை. 1985இல் அது தீயில் எரிந்துபோனது. வியாபாரிகள் பலர் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். என் மாமனார் அந்தப் பழைய மார்க்கெட்டில் ரேடியோவும் மின்விசிறியும் விற்றவர். பாதி விலைக்குக் கேட்கிறவரைக் கண்டால் சிரிப்பாரே தவிரக் கோபப்பட்டதில்லை. ஏனென்றால் கேட்டவர் ரேடியோவைக் கையில் வாங்கி, குமிழைத் திருகி, காதோரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாதி விலை சொல்லியிருப்பார். "கரகரன்னு சத்தம் வருது, அதான் குறைச்சுக் கேக்குறேன்" என்பார். அந்தப் பேரத்தில் ஒரு நியாயம் இருந்தது.

இப்போது நீங்கள் பார்ப்பது நாலு படம், அதற்குக் கீழே ஒரு விலை. அந்த விலையைப் பாதியாக்கிக் கேட்பதற்கு உங்களிடம் காரணம் எதுவும் இருப்பதில்லை. எல்லோரும் கேட்கிறார்கள், நாமும் கேட்டுப் பார்ப்போம் என்கிற எண்ணம்தான். அதனால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில் விலையின் கணக்கைப் பார்த்துவிடுவோம். மேலே துணி போடுகிற வாஷிங் மெஷின் ஒன்றை 4,000 ரூபாய்க்கு எடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மாடியிலிருந்து இறக்கும் கூலியும் குட்டி யானை வாடகையும் 1,200. டிரெயின் மோட்டாரும் சஸ்பென்ஷன் ராடும் மாற்றினால் 900. மெக்கானிக் கூலி 500. ஆக 6,600 ஆகிவிட்டது. 8,500 என்று விளம்பரம் போடுகிறேன். மீதி 1,900 ரூபாய் முழுக்க என் கைக்கு வருவதில்லை. கிடங்கு வாடகை, கரண்ட் பில், எடுத்து வந்தபின் எழுந்து உட்காராமலே செத்துப்போய்க் காயலான் கடைக்கு எடைக்குப் போகிற மெஷின்கள் எல்லாம் அதற்குள்தான். "நாலாயிரம்னா சொல்லுங்க, இப்பவே ஜிபே பண்றேன்" என்று நீங்கள் எழுதும்போது, நான் வாங்கிய விலையை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டீர்களே என்று ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அந்த விலைக்கு நான் வாங்கியது வேறொரு மெஷினை. அது ஓடாத மெஷின்.

என் மகன் பி.ஏ. பொருளாதாரம் படிக்கிறான். அவன் பாடத்தில் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கர் 1970இல் எழுதிய ஒரு கட்டுரை வருகிறது. பழைய கார் சந்தையை வைத்து எழுதியது. பல பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய பிறகுதான் அது அச்சாகியிருக்கிறது. 2001இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தபோது அந்தக் கட்டுரைதான் பெரிதாகப் பேசப்பட்டது. அவன் விளக்கிச் சொன்னபோது, இதற்கா நோபல், நம் கிடங்கில் தினமும் நடப்பதாயிற்றே என்று நினைத்தேன். விஷயம் இதுதான்: விற்பவருக்குத் தன் பொருள் நல்லதா கெட்டதா என்று தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாததால் அவர் எல்லாவற்றுக்கும் ஒரு நடுத்தர விலைதான் கொடுக்கத் துணிவார். அந்த விலை நல்ல பொருள் வைத்திருப்பவருக்குக் கட்டாது, அவர் ஒதுங்கிக்கொள்வார். கெட்ட பொருள் வைத்திருப்பவருக்கு அதுவே லாபம்; அவர் நிற்பார். நல்லது போகப் போகச் சந்தையில் சராசரித் தரம் இறங்கும். வாங்குபவர் இன்னும் குறைத்துக் கேட்பார். மிச்சமிருந்த நல்ல பொருளும் வெளியேறிவிடும்.

"ஆன்லைன்ல வர்ற பழைய சாமான் எல்லாமே குப்பை" என்று நீங்கள் குறைப்படுவது என் காதுக்கும் வருகிறது. குப்பையை அங்கே கொண்டுவந்து சேர்த்ததில், பார்க்காமல் கேட்கிற பாதி விலைக்கும் பங்கு உண்டு. எங்கள் தொழிலில் சிலர் இதற்கு ஏற்றாற்போலவே சாமானைத் தயார் செய்கிறார்கள். எப்படியும் பாதி விலைக்குத்தான் கேட்பார்கள் என்றால் புது மோட்டார் எதற்கு? மேலே பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, இரண்டு வாரம் ஓடினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்தத் தந்திரங்களைச் சொல்லிவிடுகிறேன். தொழிலில் இருக்கிறவர்கள் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும்.

ஃபிரிட்ஜில் முக்கியமானது கேஸ். குழாயில் எங்கோ கசிவு இருக்கும். அதை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பிவிட்டால், நீங்கள் பார்க்க வரும்போது ஐஸ் கட்டியாக உறைந்திருக்கும். வீட்டுக்குப் போய்ச் சில வாரத்தில் தண்ணீர்கூடக் குளிராது. இதை ஒரு பார்வையில் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் பின்பக்கம் போய் கம்ப்ரஸரைப் பாருங்கள். கேஸ் நிரப்புகிற குழாய் முனையில் புதிதாகப் பற்றவைத்த பளபளப்பு தெரிந்தால், "எப்போ கேஸ் ஏத்தினீங்க, ஏன் ஏத்தினீங்க, கசிவு எங்க இருந்துச்சு?" என்று மூன்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். கதவு ரப்பருக்கு நடுவே ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் போய்விட்டது. ரப்பர் மாற்றுவது பெரிய செலவில்லை, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். நியாயமான பேரம் என்றால் எனக்கு இதுதான். ஃபிரிட்ஜை வண்டியில் படுக்கவைத்து எடுத்துப் போனால் வீட்டில் நிமிர்த்திவைத்துச் சில மணி நேரம் கழித்துத்தான் சுவிட்ச் போட வேண்டும். கம்ப்ரஸரில் இருக்கிற எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும்; அது திரும்பி இறங்க நேரம் வேண்டும். போன உடனே போட்டுப் பழுதாக்கிவிட்டு எங்களைத் திட்டுகிறவர்கள் அதிகம்.

நட்சத்திர ஸ்டிக்கரையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அதில் ஆண்டு போட்டிருக்கும். நட்சத்திரம் கொடுக்கிற அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்கிக்கொண்டே வருகிறார்கள். பத்து ஆண்டுக்கு முந்தைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து நட்சத்திரம் ஆகாது. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதில் முதல் 100 யூனிட் இலவசம், அதற்குமேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும். வாங்குகிற விலையில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு கரண்ட் பில்லில் அதைவிட அதிகம் கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். ஏசியிலும் இதே கதைதான். மிகப் பழையது என்றால் ஆர்22 கேஸ் ஓடுவதாக இருக்கும். அந்த வாயுவை உலகம் முழுக்கப் படிப்படியாக நிறுத்தி வருகிறார்கள். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்காதீர்கள் என்பேன். என்னிடம் இருந்தாலும்தான்.

சென்னையில் மட்டும் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: "இது வெள்ளத்துல நின்னுச்சா?" 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு வந்த மாதங்களில் தண்ணீரில் நின்ற மெஷினும் பைக்கும் சந்தைக்கு வந்தன. காயவைத்துச் சுத்தம் செய்தால் சில காலம் ஓடும். மெஷினின் அடிப்பக்கத் திருகாணிகளில் ஒரே மட்டத்துக்குத் துரு ஏறியிருக்கிறதா, உட்புற மூலைகளில் வண்டல் படிந்த கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பீரோவின் கால், கட்டிலின் பிளைவுட் விளிம்பு ஆகியவையும் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் குடித்த பிளைவுட் உப்பியே இருக்கும். இவற்றில் ஒன்றைக்கூட எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. நாங்கள் படம் எடுப்பதே அந்த மூலையை விட்டுத்தானே!

இனிப் பணத்தைப் பற்றி. இங்கே ஏமாறுவது வாங்குகிறவர் மட்டும்தான் என்று நினைக்கிறீர்கள். விற்கிறவர்களும் ஏமாறுகிறார்கள்.

பழைய கதை எல்லோருக்கும் தெரியும். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, பொருளைப் பார்க்க நேரமில்லை, முழுப் பணமும் இப்போதே அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்று அழைப்பு வரும். ராணுவ உடையில் படமும் அடையாள அட்டையும் அனுப்புவார்கள், இரண்டும் யாருடையவையோ. ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டதும் பணம் நம்மிடமிருந்து போய்விடும். யுபிஐ 2016இல் வந்தது. பின் நம்பர் என்பது பணம் அனுப்பத்தானே ஒழியப் பெறுவதற்கு அல்ல என்று அன்றிலிருந்து எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் மாட்டுகிறார்கள். படிக்காதவர்கள்தான் மாட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள். தன் சோபாவை முதல் தடவையாக விற்க வருகிற ஐடி ஊழியர்களைத்தான் இந்தக் கூட்டம் தேடுகிறது. பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வழியிலும் இந்த மோசடி நடந்ததால், தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அப்படிக் கோரிக்கை அனுப்புவதையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். கியூஆர் தந்திரம் அதோடு ஒழிந்துவிடவில்லை. பணம் அனுப்பிவிட்டதாகப் போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுகிற ஆட்கள் வேறு இருக்கிறார்கள். அதனால்தான் உங்கள் போனில் பச்சை டிக் வந்த பிறகும் நான் என் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கிறேன். உங்களைச் சந்தேகப்படுகிறேன் என்று முகம் சுளிக்காதீர்கள்.

பலருக்கும் தெரியாத தந்திரம் ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நான் 18,000 ரூபாய்க்கு ஒரு பெரிய ஃபிரிட்ஜை விளம்பரம் போடுகிறேன். யாரோ ஒருவன் என் படங்களை எடுத்து, அதே ஃபிரிட்ஜை 12,000 என்று தன் பெயரில் விளம்பரம் போடுகிறான். நீங்கள் அவனைக் கூப்பிடுகிறீர்கள். "சாமான் என் அக்கா வீட்டுல இருக்கு, போய்ப் பாருங்க, ஆனா அவங்ககிட்ட விலை பேசாதீங்க, குடும்பத்துல கொஞ்சம் பிரச்சினை" என்று என் முகவரியைக் கொடுக்கிறான். என்னையும் கூப்பிடுகிறான். "பதினெட்டாயிரமே தர்றேங்க, என் தம்பியை அனுப்புறேன், அவன்கிட்ட விலை சொல்லாதீங்க, அவனுக்கு நான் வேற கணக்குல தர வேண்டியிருக்கு" என்கிறான். நீங்கள் வருகிறீர்கள். ஃபிரிட்ஜைப் பார்க்கிறீர்கள், பிடித்துவிடுகிறது. இரண்டு பேரும் விலை பேசுவதில்லை. நீங்கள் அவனுக்கு 12,000 அனுப்புகிறீர்கள். அவன் போனை அணைத்துவிடுகிறான். கிடங்கு வாசலில் நின்று நீங்கள் என்னைத் திருடி என்கிறீர்கள், நான் உங்களைத் திருடன் என்கிறேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்; வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் பிழைப்பு அங்கேயே முடிந்திருக்கும். பைக், கார், போன் எல்லாவற்றிலும் இது நடக்கிறது. ஆகவே வந்து பார்ப்பது மட்டும் போதாது. பொருள் யார் கையில் இருக்கிறதோ அவரிடமே விலை பேசுங்கள், அவரிடமே பணம் கொடுங்கள். யாராவது "விலை பேசாதே" என்று சொன்னால் அங்கே திருட்டு நடக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும் என்று நான் அடம் பிடிப்பதற்கும் காரணம் உண்டு. சைபர் மோசடியில் பணம் இழந்தவர் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்தால், அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குகளுக்குப் போனது என்று வங்கிகள் வழியாகப் பின்தொடர்ந்து போய் ஆங்காங்கே நிறுத்திவைக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான்; அதனால் பணம் திரும்பக் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் திருடன் அந்தப் பணத்தில் என்னிடம் ஒரு டிவி வாங்கியிருந்தால் என் கணக்கும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி ஆகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு சோபா வியாபாரிக்கு இப்படி ஆனது. எங்கோ வடக்கில் ஒரு மாநிலத்துக் காவல் நிலையத்தின் பெயரைச் சொல்லி வங்கியில் கணக்கை முடக்கிவிட்டார்கள். தமிழ் மட்டுமே தெரிந்த மனிதர், அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட முடியாமல் வட்டிக்கு வாங்கினார். பில் புத்தகமும், வாங்கியவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளும் இருந்ததால்தான் கடைசியில் மீண்டார். அதனால்தான் "என் ஃப்ரெண்டு அக்கவுன்ட்ல இருந்து அனுப்பறேன்" என்றால் வேண்டாம் என்கிறேன். ரொக்கம் கொடுத்தால் சந்தோஷம். பெயரும் போன் நம்பரும் எழுதி பில் போடுவது உங்களுக்கு மட்டுமில்லை, எனக்கும் பாதுகாப்பு.

போன் விற்பதை நான் தொடுவதே இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தும் வாங்கினாலோ, பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. போனில்தான் அந்த ஆபத்து அதிகம். நீங்கள் வேறு எங்காவது பழைய போன் வாங்குவதானால் *#06# அழுத்திப் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண்ணை எடுங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023இல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண் முடக்கப்பட்டதா என்று பார்க்கலாம். பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கோ ஆப்பிள் கணக்கோ அதில் இன்னும் இருக்கிறதா என்று அவர் முன்னாலேயே பாருங்கள். அவர் கடவுச்சொல் போட்டு வெளியேறாவிட்டால் உங்கள் கையில் இருப்பது வெறும் கண்ணாடிப் பலகை.

வண்டி விற்கிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். ஆர்சியில் பெயர் மாறும்வரை, விபத்து நடந்தால் இழப்பீடு பதிவில் இருக்கும் உரிமையாளர் தலையில்தான் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

விளம்பரம் போடுகிற தளங்கள் இதில் எங்கே நிற்கின்றன என்று கேட்பீர்கள். ஓரமாக நிற்கின்றன. பிறர் போட்டதற்குத் தளம் பொறுப்பாகாமல் இருக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு சில நிபந்தனைகளோடு வழிவிடுகிறது. விளம்பரத்தை மேலே தூக்கிக் காட்டுவதற்கு நாங்கள் கட்டும் பணம் தளத்துக்கு வருமானம். பொருள் விற்றதா, நன்றாக ஓடியதா, யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது அதன் கணக்கில் வருவதேயில்லை. தளத்தில் ஒரு வணக்கம் போட்டுவிட்டு அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறோமே!

அமெரிக்காவில் 1995இல் தொடங்கிய ஈபே என்ற தளத்தில் முதலில் விற்றது ஓடாத ஒரு லேசர் பாயின்டராம், 14.83 டாலருக்கு. ஓடாது என்று தெரிந்தேதான் வாங்கியவர் வாங்கினார். அதை நினைத்தால் எங்கள் காயலான் சாமானுக்கும் நம்பிக்கை வருகிறது. அந்தத் தளத்தில் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதும் ஏற்பாட்டை வெகு சீக்கிரமே கொண்டுவந்தார்கள். அந்த எழுத்துக்கு அங்கே மதிப்பு இருந்தது. 2008இல், விற்பவர் வாங்குபவரைக் குறைசொல்லி எழுத முடியாது என்று விதியை மாற்றினார்கள். பழிவாங்குவார்களோ என்ற பயத்தில் வாங்குபவர்கள் உண்மையை எழுதுவதில்லை என்று காரணம் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வருகிறேன் என்று சொல்லி வராமல் போகிறவர்களைப் பற்றி எழுத எனக்கும் ஓர் இடம் வேண்டும்! ஈபே இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டுவிட்டது. நம் ஊரில் இப்போது நடப்பதில் பெரும்பகுதி பேரும் முகமும் நிற்காத வியாபாரம். நேற்று ஏமாற்றியவன் இன்று வேறொரு பெயரில் வந்து நிற்கலாம்.

எதிரே இருப்பவர் யார் என்று பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்னைப் போல் தொழிலாகச் செய்கிறவர்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறோம். பில் இருந்தால், சாமான் சொன்னபடி இல்லை என்று நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வீடு மாறும்போது தன் கட்டிலை மட்டும் விற்கிற தனிமனிதரை அப்படி இழுப்பது கடினம். ஆகவே அவரிடம் மலிவாகக் கிடைக்கலாம், அங்கே உங்கள் கண்தான் உத்தரவாதம். என்னிடம் கொஞ்சம் கூட இருக்கலாம், ஒரு வாரத்துக்குள் நின்றுபோனால் நான் வந்து பார்க்கிறேன் என்று பில்லிலேயே எழுதித் தருகிறேன். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். தனிமனிதரின் விலையும் வியாபாரியின் உத்தரவாதமும் இரண்டும் சேர்ந்து வேண்டும் என்றால் அதற்கு என்னிடம் வழியில்லை.

மே மாதம் வரப்போகிறது. பள்ளி விடுமுறையில் வீடு மாறுகிறவர்களும், படிப்பு முடிந்து அறையைக் காலி செய்கிற பிள்ளைகளும் சாமானைத் தள்ளிவிடுகிற காலம். ஜூனில் வேலைக்குச் சேர வருகிறவர்கள் அதே சாமானைத் தேடுகிற காலம். வருடத்தில் எங்களுக்கு நல்ல வியாபாரம் இந்த இரண்டு மாதமும்தான். அதனால் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். பார்க்காத பொருளுக்கு யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், எனக்கும் கொடுக்காதீர்கள். நான் கேட்கவும் மாட்டேன். லாஸ்ட் ப்ரைஸ் கேட்பதற்கு முன்னால் எந்த ஆண்டு வாங்கியது, என்ன மாற்றினீர்கள், ஏன் விற்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டால் பதில் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்கிறேன். கிளம்பும் முன் ஒரு போன் செய்யுங்கள், மெஷினைத் தண்ணீர் இணைப்போடு ஓடவைத்திருக்கிறேன். மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தாலும் வருத்தப்பட மாட்டேன். அவர் காட்டும் குறைக்கு விலையைக் குறைப்பேன்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு மனம் மாறினால், "வரவில்லை" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். உங்களுக்காக வைத்திருக்கிறேன் என்று நான் திருப்பி அனுப்பிய ஆள் அதற்குள் வேறு இடத்தில் வாங்கியிருப்பார்.

கிடங்கு ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை மட்டும் வராதீர்கள், சாப்பாட்டு நேரம்.

இப்படிக்கு,
மேடவாக்கத்துப் பழைய சாமான் கடைக்காரி